சடை விழுந்த நாய்: எந்தக் கோளாறுக்கு எங்கே கை வைப்பது

எங்கள் வீட்டு நாயின் இனத்துக்குப் பெயர் புலி. ஹங்கேரிக்காரர்கள் ஆடு மேய்க்க வளர்த்த இனம். பழைய வண்ணாரப்பேட்டைத் தெருவில் "இன்னாபா இது?" என்று கேட்பவரிடம் "புலி" என்று சொன்னால் நக்கல் பண்ணுவதாக நினைப்பார்கள். அதனால் "சடை நாய்ண்ணே" என்று முடித்துக்கொள்வேன். கூப்பிடும் பெயர் கருப்பன். வயது ஏழு, எடை 14 கிலோ. தலை எது, வால் எது என்பது பிஸ்கட்டை நீட்டினால்தான் தெரியும்.

இந்த ஏழு வருஷத்தில் அவன் முடிக்கு வரக்கூடிய தொல்லை அநேகமாக எல்லாமே வந்து போய்விட்டது. பாதி என் தவறு, பாதி இந்த ஊர்க் காற்று. சடை நாய் பற்றிய குறிப்புகள் பெரும்பாலும் குளிர் நாட்டுக்காரர்கள் எழுதியவை. கடல்காற்று நேராக வந்து மோதும் மூன்றாவது மாடி வீட்டுக்கு அதில் பாதி ஒத்துவராது. அதனால் அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்கள் வீட்டில் இருப்பது புலியோ, அதற்குப் பெரியண்ணன் மாதிரி இருக்கும் வெள்ளைக் கொமொண்டோரோ, இத்தாலியப் பெர்கமாஸ்கோவோ, சீவாமல் சடை போட விட்ட பூடுலோ, வழி ஏறக்குறைய ஒன்றுதான்.

தொடங்கும் முன் ஒன்று. இந்த நாய்களுக்கு உள்ளே பஞ்சு போன்ற மென்முடி, வெளியே முரட்டு முடி. மற்ற நாய்களுக்கு உதிர்ந்து சோபாவில் கிடக்கும் உள்முடி, இவற்றில் வெளிமுடியோடு மாட்டிக்கொண்டு விளக்குத்திரி மாதிரித் திரிந்துவிடும். அதுதான் சடை. வீட்டில் முடி கொட்டாது என்பது லாபம். உள்ளே போன எதுவும் தானாக வெளியே வராது என்பது நஷ்டம். தண்ணீர், சோப்பு, மணல், உண்ணி எல்லாவற்றுக்கும் இதே கணக்கு. எனவே கோளாறு எதுவானாலும் நுனியைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். சடையை விலக்கித் தோலைப் பாருங்கள்.

குளித்து இரண்டு நாள் ஆகியும் ஈரத்துணி வாடை

நான் அதிகம் தோற்றது இதில்தான். முதலில் வாடையை மோந்து பிரித்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் கொடியில் மறந்துபோன ஜீன்ஸ் வாடை என்றால் சடையின் நடுவில் ஈரம் தங்கியிருக்கிறது. புளித்த மாவு வாடை, கூடவே தோலைத் தொட்டால் பிசுக்கு என்றால் தோலில் மலாசீசியா என்ற ஈஸ்ட் பெருகியிருக்கலாம். இரண்டாவதை வீட்டு வைத்தியத்தில் இழுத்தடிக்க வேண்டாம். மருத்துவர் பார்த்துவிட்டு குளோர்ஹெக்சிடின், மைக்கோனசோல் கலந்த ஷாம்பு எழுதிக் கொடுப்பார். அது பத்து நிமிஷமாவது தோலில் நிற்க வேண்டும். சடையின் மேல் நுரை வந்ததும் வேலை முடிந்தது என்று கழுவிவிட்டால் காசுதான் வீண்.

முதல் வகைக்கு ஒரு சோதனை. மார்பில் இருக்கும் தடித்த சடை ஒன்றை எடுத்து, மடித்த டிஷ்யூ தாளுக்குள் வைத்து, வேரிலிருந்து நுனி வரை இரண்டு விரலால் அழுத்தி இழுங்கள். தாள் நனைந்தால் விஷயம் தெரிந்துவிட்டது. நனையாவிட்டாலும் அந்தச் சடையை மேலுதட்டில் வைத்துப் பாருங்கள். மழை நாளில் பாவாடை காய்ந்துவிட்டதா என்று என் அம்மா கன்னத்தில் ஒற்றிப் பார்ப்பார், அதே கதைதான். சில்லென்று இருந்தால் உள்ளே தண்ணீர் இருக்கிறது.

அப்படியானால் தடித்த சடைகளை நுனியிலிருந்து இரண்டாகப் பிரித்துவிட்டு மின்விசிறி முன் உட்கார வையுங்கள். முழுக்கக் காய்ந்த பிறகும் வாடை போகவில்லை என்றால், ஒரு பக்கெட் தண்ணீருக்கு அரை டம்ளர் வெள்ளை வினிகர் கலந்து சடைகளில் ஊற்றிப் பிழிந்து, நல்ல தண்ணீரில் அலசி மறுபடி காய வைக்கலாம். கண் பக்கமும் புண் பக்கமும் படக்கூடாது. பிரித்த சடையின் நடுப்பகுதி சாம்பலும் கறுப்புமாகப் பூத்திருந்தால் அது கழுவிப் போகாது. அந்தச் சடையை வெட்டிவிடுங்கள். ஒரு சடைக்குப் பாவம் பார்த்துப் பத்துச் சடையை இழந்தவன் சொல்கிறேன்.

மறுபடி வராமல் இருக்க வேண்டுமானால், குளியலுக்கு நாள் பார்ப்பதை விடக் காய வைக்க நேரம் பார்க்க வேண்டும். நம் பக்கம் கோடையில் காலையில் மேற்கிலிருந்து வறண்ட காற்று. பகல் பன்னிரண்டு, இரண்டு மணி வாக்கில் கடல்காற்று இறங்கும். நமக்குச் சுகம், சடைக்குச் சனி. அது வந்த பிறகு ஈரம் காய்வது பாதியாகக் குறைந்துவிடும். எனவே காலை ஆறு மணிக்குத் தண்ணீர் ஊற்றி ஏழு மணிக்குப் பிழிந்து முடித்திருக்க வேண்டும். கருப்பனுக்கு வருஷத்தில் நான்கு முழுக்குளியல்: பிப்ரவரி, ஏப்ரல், ஜூன், செப்டம்பர். ஐப்பசி, கார்த்திகையில் குளியலே கிடையாது. கால்களையும் அடிவயிற்றையும் மட்டும் துடைப்பேன்.

ஷாம்புவை அப்படியே ஊற்றாமல் பத்துப் பங்கு தண்ணீரில் கரைத்துக்கொள்ளுங்கள். அதைத் தோல் வரை ஊற்றி, ஸ்பாஞ்சை அமுக்குவது போல அமுக்கி விடவேண்டும். தேய்க்கக் கூடாது. கண்டிஷனர் வேண்டவே வேண்டாம், சடை நெகிழ்ந்து பிரிந்துபோகும். அலசுவதற்கு எனக்குப் பத்துக் குடம் ஆகிறது. கீழே கைப்பம்பில் அடித்து மூன்று மாடி ஏற்றும் போது ஒவ்வொரு குடத்துக்கும் ஹங்கேரி ஞாபகம் வரும்.

பிழிவது ஒரு கலை. துணியை முறுக்குவது போல முறுக்கினால் சடை வேரில் இழுபடும், நாய் கத்தும். கம்பெனிக் காலத்தில் துணி வெளுத்தவர்களின் பெயரைத் தாங்கிய பேட்டையில் இருந்துகொண்டு இதை நான் மூன்று வருஷம் தவறாகச் செய்தேன். எதிர் வீட்டு ஆயா மாடியில் பட்டுப்புடவை அலசும்போது சொன்னதுதான் சரி: "முறுக்காத தம்பி, டவலுக்குள்ள வச்சு அமுக்கு." ஒவ்வொரு கொத்தாக டவலில் சுற்றி, மேலிருந்து கீழே அமுக்கிக்கொண்டே வாருங்கள். ஏழெட்டுப் பழைய டவல் வேண்டும்.

அடுத்து நாடாக் கட்டில். நைலான் நாடா பின்னிய கட்டில் மேல் படுக்க வைத்து, ஒரு மின்விசிறியைத் தரையில் சாய்த்துக் கட்டிலுக்கு அடியில் ஊத விடுங்கள். இன்னொன்று மேலிருந்து. தரையில் படுத்தால் அக்குளும் அடிவயிறும் காயவே காயாது. ஒரு மணிக்கு ஒரு தடவை பக்கம் திருப்புங்கள். எட்டு மணி நேரம் போதும் என்று நினைத்தால் பத்து ஆகும். தலைக்குப் போடும் டிரையரைச் சூடாக வைத்து ஊதினால் சடை வெளியே காய்ந்து உள்ளே வேகும், தோலும் புண்ணாகும். குளிர்ந்த காற்று மட்டும் வரும் டிரையர் என்றால் சரி.

சடைகள் ஒட்டி அடையாகிவிட்டன

கையால் தடவும்போது தனித்தனியாக ஆட வேண்டிய சடைகள், தட்டையாக, வாழை இலையில் வைத்த அடை மாதிரி ஒரே தகடாக நகர்ந்தால் அதுதான் இந்தக் கோளாறு. காதுக்குப் பின்னால், அக்குளில், கழுத்துப்பட்டைக்குக் கீழே, பின் தொடையில் முதலில் தொடங்கும். விட்டுவிட்டால் அடியில் காற்றே போகாது.

இதற்கு ஆயுதம் கட்டைவிரல். தகட்டைத் தூக்கித் தோலைப் பாருங்கள். முடி இயல்பாகவே சின்னச் சின்னத் திட்டாகப் பிரிந்து நிற்கும். ஒரு ரூபாய்க் காசு அளவு தோலில் முளைத்த முடி ஒரு சடை என்று வைத்துக்கொள்ளலாம். புலிக்கு இன்னும் கொஞ்சம் சின்னதாகவே வைக்கலாம், பென்சிலை விடக் கொஞ்சம் தடிமன். எங்கே பிரிய வேண்டும் என்று வேரில் பார்த்துக்கொண்டு, அதே இடத்துக்கு நேராக நுனியில் இரண்டு கையாலும் பிடித்துக் கிழியுங்கள். ஒரு அங்குலம், நிறுத்தி, வேரைப் பார்த்து, அடுத்த அங்குலம். பழைய பஞ்சுத் தலையணையைப் பிரிக்கும்போது வருமே, அந்தச் 'சர்ர்' சத்தம் வரும். தோலுக்கு அருகில் வந்ததும் ஒரு கையால் வேரை அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள், இழுப்பு தோலுக்குப் போகாது. கடைசி அரை அங்குலத்தில் சின்னப் பஞ்சுக் குவியல் கையோடு வரும். பயப்பட வேண்டாம், அது ஏற்கெனவே உதிர்ந்த முடி.

முழுக்கக் காய்ந்த முடியை விட, குளித்த மறுநாள் லேசான ஈரப்பதம் இருக்கும்போது எளிதாகக் கிழியும். கிழியாத தகட்டுக்குத் தையல் பிரிக்கும் கருவியோ சின்னக் கத்தரியோ எடுக்கலாம். கூர்முனை எப்போதும் தோலுக்கு எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டும், சடையின் நீளவாக்கில் வெட்ட வேண்டும். குறுக்கே வெட்டினால் போச்சு.

குட்டியாக இருந்தால் எட்டாம் மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் இது தொடங்கும். குட்டி முடி திடீரென்று சிக்காகி அசிங்கமாக நிற்கும். நிறைய பேர் அந்தச் சமயத்தில் பயந்து சீவித் தள்ளிவிடுகிறார்கள். அது சடை விழும் அறிகுறி. அடுத்த ஒரு வருஷம் வாரா வாரம் உட்கார்ந்து பிரித்தால் பிறகு மாதம் ஒரு முறை போதும். தரையைத் தொட நாலைந்து வருஷம் ஆகும். டிவி பார்த்துக்கொண்டே செய்யலாம். கருப்பனின் இடது பக்கம் முழுவதும் கிரிக்கெட்.

கடைக்குக் கொண்டுபோனால் கட்டாயம் கூடவே நில்லுங்கள். இரண்டாம் வயதில் கருப்பனை ஒரு நாய் சலூனில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். அவர்களுக்குத் தெரிந்தது ஷிட்சூவும் லாசாவும்தான், அவற்றுக்குச் சிக்கு என்றால் எடுத்தாக வேண்டும். திரும்பி வந்தபோது ஒரு தோள் முழுவதும் கம்பிப் பிரஷ்ஷால் சீவி, சாமந்திப்பூ மாதிரி உப்பி நின்றது. நல்ல எண்ணத்தில் செய்ததால் சண்டை போடவும் முடியவில்லை. அந்தத் தோள் மற்ற பக்கத்தை எட்டிப் பிடிக்க மூன்று வருஷம் ஆனது.

ஓயாமல் சொறிகிறது

மூன்று காரணம். சோப்பு மிச்சம், உண்ணி, புண். பார்க்கும் வரிசையும் அதுதான் என்று முன்பு சொல்வேன். இப்போது உண்ணியைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன்.

நம் ஊரில் நாய் மேல் இருப்பது பழுப்பு நாய் உண்ணி. மற்ற நாய்க்குத் தடவிக்கொடுக்கும்போதே கையில் தட்டுப்படும். சடை நாய்க்கு ஒரு மாதம் குடித்தனம் நடத்தினாலும் தெரியாது. இரவில் விளக்கை நெற்றியில் மாட்டிக்கொண்டு, பேன் பார்ப்பது போல வகிடு எடுத்து வகிடு எடுத்துப் பாருங்கள். காது மடலின் உள்பக்கம், விரல் இடுக்கு, அக்குள், வாலுக்கு அடி. கிடைத்ததைத் தோலை ஒட்டிச் சாமணத்தால் பிடித்து நேராக இழுத்து, ஸ்பிரிட் ஊற்றிய சின்ன டப்பாவில் போடுங்கள். விரலால் நசுக்காதீர்கள்.

கையால் எடுப்பது மட்டும் போதாது. ரத்தம் குடித்துப் பெருத்த பெண் உண்ணி நாயை விட்டு இறங்கி, சுவர் வெடிப்பிலும் கதவு நிலையிலும் ஆயிரக்கணக்கில் முட்டை வைக்கும். நாய் படுக்கும் மூலையில் சுவரில் ஏதோ ஊர்கிறது என்றால் போர் வீட்டுக்குள் வந்துவிட்டது. வெடிப்பைப் பூசி அடையுங்கள், படுக்கைத் துணியைச் சுடுநீரில் போடுங்கள்.

மருந்தில் சடை நாய்க்குத் தனிச் சிக்கல். முதுகில் சொட்டு விடும் மருந்து தோலில் விழ வேண்டும். சடையில் விழுந்தால் சடைதான் குடிக்கும். மேலே தெளிக்கும் ஸ்பிரேவும் அப்படியே. அதனால் மருத்துவரைக் கேட்டு வாய்வழி மாத்திரைக்கு மாறினேன். ஃப்ளூரலேனர் மாத்திரை ஒன்று பன்னிரண்டு வாரம் தாங்கும், அஃபாக்சோலேனர் மாதம் ஒன்று. அளவு நாயின் எடையைப் பொறுத்தது. நனைந்த நாயை எடை போடாதீர்கள், குளித்த அன்று கருப்பன் மூன்று கிலோவுக்கு மேல் கூடியிருந்தான். வலிப்பு வந்த நாய் என்றால் இந்த வகை மாத்திரைக்கு முன் மருத்துவரிடம் அதைச் சொல்லியே ஆகவேண்டும்.

மண்ணெண்ணெய், பினாயில், கற்பூரம் கரைத்த தேங்காய் எண்ணெய் மூன்றும் எனக்குத் தெருவில் இலவசமாகக் கிடைத்த ஆலோசனைகள். மூன்றும் நாய்க்கு விஷம். சடைக்குள் போனால் கழுவி எடுக்கவும் முடியாது, நக்கி நக்கி உள்ளே போகும்.

உண்ணி கடித்த நாய் சோர்ந்து படுத்து, சாப்பாட்டை ஒதுக்கி, காய்ச்சல், வெளிறிய ஈறு, மூக்கில் ரத்தம் என்று எது தெரிந்தாலும் முடியைப் பற்றிய பேச்சை நிறுத்திவிட்டு ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். எர்லிகியா, பபேசியா இரண்டும் உண்ணி கொண்டுவரும் நோய்கள். எங்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிதான். 1903-ல் தொடங்கிய கல்லூரி, காலையிலேயே போனால் கூட்டம் குறைவு.

உண்ணி இல்லை, ஆனால் ஒரே இடத்தைக் கடித்துக்கொண்டே இருக்கிறது என்றால் அந்த இடத்தில் சடையை விலக்குங்கள். சிவந்து, ஈரமாக, நீர் கசியும் புண் சில மணி நேரத்திலேயே உள்ளங்கை அளவு வந்துவிடும். தயங்காமல் சுற்றியுள்ள சடையை ஒட்ட வெட்டிக் காற்றுப் பட விட்டு, மருத்துவரிடம் காட்டுங்கள். மஞ்சள் அரைத்துப் பூசாதீர்கள். அது காய்ந்து சடையோடு ஒட்டி மேலே மூடி போட்டுவிடும், உள்ளே சீழ் பிடிக்கும்.

கறுப்புச் சடையில் வெள்ளைப் பொடி

சடையை உதறினால் பொடி பறக்கிறது, தோல் சுத்தமாக இருக்கிறது என்றால் சரியாக அலசவில்லை. சந்தேகம் இருந்தால் ஒரு சடையைக் கிண்ணத்துத் தண்ணீரில் நனைத்துப் பிழியுங்கள், நுரை காட்டிக்கொடுக்கும். தண்டையார்பேட்டை, ராயபுரம் பக்கம் போர் தண்ணீர் உப்பு. அதில் ஷாம்பு நுரைப்பதும் கஷ்டம், காய்ந்தபின் உப்பும் படியும். கடைசி இரண்டு குடமாவது மெட்ரோ தண்ணீராக இருக்கட்டும். பொடி தோலிலிருந்தே செதிலாக வந்தால் அது பொடுகு, மருத்துவர் வேலை.

நிறம் மாறுகிறது

கறுப்புப் புலியின் நுனி செம்பட்டையானால் வெயில். நுனிமுடி நாலைந்து வருஷம் பழையது, வெளுக்கத்தான் செய்யும், விட்டுவிடுங்கள். வெள்ளை நாய்க்கு அடிவயிற்றில் மஞ்சள் என்றால் மூத்திரம். ஆண் நாய்க்கு அந்த இடத்துச் சடைகளைக் குட்டையாக வெட்டிவிடுவதே நல்லது, மறைந்திருக்கும் இடம்தானே. வாய் ஓரச் சடை செம்பழுப்பு என்றால் எச்சில். சாப்பாட்டு நேரத்தில் முகச்சடையைத் துணி ரப்பர் பேண்டால் பின்னால் கட்டுங்கள். கருப்பனைக் கொண்டை போட்டுப் பார்த்த எதிர் வீட்டு ஆயா "பொண்ணு பாக்க வர்றாங்களா?" என்றார்.

தலையை உதறுகிறது, காதில் வாடை

தொங்கும் காது, மேலே சடை, உள்ளே காதுக்குழாயில் முடி, வெளியே சென்னை. காதுக்குள் எப்போதும் ஐப்பசி மாதம்தான். மடலைத் தூக்கிப் பார்த்து, காப்பிப்பொடி மாதிரி கறுப்பு மெழுகோ மஞ்சள் சீழோ இருந்தால் எதுவும் ஊற்றாமல் மருத்துவரிடம் போங்கள். செவிப்பறை கிழிந்திருந்தால் நீங்கள் ஊற்றும் மருந்தே கேடு. ஒன்றும் இல்லாத நாளில் செய்ய வேண்டியது: காதின் உள்பக்கம் உரசும் சடைகளைக் குட்டையாக்குவது, குளித்த பின் பஞ்சால் ஒற்றி எடுப்பது. காதுக்குள் உள்ள முடியைப் பிடுங்குவதை மருத்துவர் சொன்னால் மட்டும் செய்யுங்கள், பிடுங்கிய இடமே புண்ணாகும்.

எதையோ ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது

நடந்து போகும் துடைப்பம்தான் இந்த நாய். கருப்பன் இதுவரை வீட்டுக்குக் கொண்டுவந்தவை: மீன் செதில், கொத்தமல்லிக் காம்பு, ஒரு பஸ் டிக்கெட், அரை மீட்டர் மல்லிகைச் சரம். இவை கையால் எடுத்தால் வந்துவிடும்.

நாயுருவி விதை வேறு ரகம். ரயில் பாதை ஓரத்திலும் காலி மனையிலும் நிற்கும் செடி, பெயரிலேயே நாயை வைத்திருக்கிறது. அதன் முள் ஒரே திசையில் நுழையும், சடைக்குள் நாளுக்கு நாள் ஆழமாகப் போகும். அன்றைக்கே, விதையை இரண்டு விரலால் நசுக்கிவிட்டுத் துண்டு துண்டாக எடுங்கள். விரல் இடுக்கில் நுழைந்து கால் வீங்கினால் நீங்கள் தோண்டாதீர்கள்.

மாஞ்சா நூல். தடை இருக்கிறது, ஆனாலும் கோடை விடுமுறையில் நம் மாடிகளில் அறுந்து கிடக்கத்தான் செய்கிறது. சடையில் சுற்றியிருந்தால் இழுக்காதீர்கள். கண்ணாடித்தூள் பூசிய நூல் உங்கள் விரலையும் அறுக்கும், நாயின் தோலையும் அறுக்கும். கையுறை போட்டு, நூலோடு சேர்த்து அந்தச் சடையையே வெட்டிவிடுங்கள்.

தாருக்கும் எண்ணெய்க்கும் தண்ணீர் வேலைக்காகாது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது நினைவிருக்கும். எர்ணாவூரில் அக்கா வீட்டைப் பார்க்கப் போனபோது கருப்பனையும் கூட்டிப்போன புத்திசாலி நான். நாலு காலும் தார் பூசினது மாதிரி திரும்பினான். முதல் வேலை, நக்க விடாமல் கழுத்தில் கூம்புப்பட்டை போடுவது. பிறகு சமையல் எண்ணெயைச் சடையில் ஊறவிட்டு, கறுப்பு இளகியதும் பழந்துணியால் நுனிப்பக்கமாக உருவி எடுத்தேன். அதன்பின் பாத்திரம் கழுவும் திரவத்தைத் தண்ணீரில் கரைத்து மூன்று தடவை அலசினேன். முழங்காலுக்குக் கீழே உள்ளதை அப்படியும் காப்பாற்ற முடியவில்லை, வெட்டினேன். மற்ற நாட்களில் தேங்காய் எண்ணெய் சடைக்கு ஆகாது. தூசியை இழுக்கும், போகவும் போகாது.

வெயிலில் மூச்சு வாங்குகிறது

சடை ஓரளவு வெயிலையும் தடுக்கும் என்பது உண்மைதான். அதை நம்பி மே மாதம் பகலில் வெளியே கூட்டிப்போவது முட்டாள்தனம். காலை ஐந்தரைக்கு முன்னால், இரவு ஒன்பதுக்குப் பின்னால். தரையில் உங்கள் புறங்கையை வைத்து ஏழு வினாடி தாங்க முடியாவிட்டால் அவன் பாதமும் தாங்காது. அடிவயிற்றிலும் தொடை இடுக்கிலும் முடியை ஒட்ட வெட்டி வையுங்கள். வெறும் மொசைக் தரையில் வயிறு படப் படுத்தால் அதுவே ஏசி.

நாயின் இயல்பான உடல் சூடு 38.3-லிருந்து 39.2 டிகிரி வரை. 40-ஐத் தாண்டி, நாக்கும் ஈறும் கருஞ்சிவப்பாகி, எச்சில் கெட்டியாகி, தள்ளாடினாலோ வாந்தி எடுத்தாலோ அது வெப்பத்தாக்கம். அந்த நேரத்தில் "சடை நனைந்தால் காயாதே" என்று யோசிக்கவே கூடாது. சடையை விலக்கித் தோலில் படும்படி குழாய்த் தண்ணீரை வயிறு, அக்குள், பாதம் என்று ஊற்றிக்கொண்டே மின்விசிறியைப் போடுங்கள். ஈரத்துண்டைப் போர்த்தி மூடாதீர்கள், சூடு உள்ளேயே நிற்கும். ஊற்றிக்கொண்டே ஆட்டோவுக்குச் சொல்லுங்கள்.

ஒரு சடை முழுசாகக் கழன்று விழுந்தது

ஒன்றிரண்டு என்றால் கவலை வேண்டாம். நீளமான சடை தன் எடையிலேயே வேரில் மெலிந்து அறும். தோலில் புது முடி முளைத்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பக்கத்துச் சடைகளும் வேரில் நூலாக இருந்தால் நுனியில் மூன்று நான்கு அங்குலம் வெட்டிப் பாரத்தைக் குறையுங்கள். ஒரே இடத்தில் வழுக்கையாகக் கொட்டினால் அது முடிக் கோளாறே இல்லை, தோல் நோய் அல்லது ஹார்மோன். கழுத்தைச் சுற்றி மட்டும் என்றால் பட்டையைக் கழற்றிப் பாருங்கள், எங்களுக்கு அதுதான் காரணமாக இருந்தது.

எல்லாம் கைமீறிவிட்டது, மொட்டை அடிக்கலாமா

தாராளமாக. உடம்பு முழுவதும் அடையாகி, அடியில் வாடை வந்து, தொட்டாலே நாய் உறுமுகிறது என்றால் அதைக் கிழித்துப் பிரிப்பது நாய்க்குச் சித்திரவதை. கண்காட்சிக்குப் போகும் நாயா நம்முடையது? ஆனால் சவரம் மாதிரி வழித்துவிட வேண்டாம். பல வருஷம் வெயிலே பார்க்காத தோல், சட்டென்று கருகிவிடும். மெஷினில் நீளச் சீப்பு மாட்டி ஒரு அங்குலமாவது விடுங்கள். தகடு தோலோடு ஒட்டியிருந்தால் அந்த இடத்தில் மட்டும் அடியில் மெஷின் ஓடட்டும். கத்தரி வேண்டாம், தகட்டோடு தோலும் மடிந்து வந்துவிடும். மொட்டைக்கு ஏற்ற மாதம் ஜனவரி. போகிப் புகையின் கரி படிந்த சடையும் அதோடு போய்விடும், வெயிலுக்கு முன் கொஞ்சம் முடியும் வளர்ந்திருக்கும்.

முதல் இரண்டு வாரம் கழுத்துப்பட்டையை இரண்டு துளை உள்ளே இறுக்க வேண்டியிருக்கும். உள்ளே இருந்த நாய் இவ்வளவு சின்னதா என்று வீட்டில் எல்லோரும் ஒரு தடவை வந்து தொட்டுப் பார்ப்பார்கள். முடி மூன்று அங்குலம் வந்ததும் சிக்கு விழத் தொடங்கும். அன்றைக்குச் சீப்பை எடுத்து ஒளித்து வைத்துவிட்டு, காதுக்குப் பின்னால் இருந்து பிரிக்க ஆரம்பியுங்கள்.